ஜமைக்கா இன் போகிற கதிருக்கு

அன்புள்ள கதிர்,

பிளிமத்திலிருந்து நண்பர்களோடு போய் ஜமைக்கா இன் விடுதியில் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம், அங்கே பேய் நடமாடுமாம் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அந்த இடத்தின் நினைப்புதான். சரி, போ. ஆனால் அந்த விடுதி எதற்காக அங்கே வந்தது என்று தெரிந்துகொண்டு போ.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிற கார்ன்வாலில், போட்மின் மூர் என்ற மேட்டுநிலம் முழுக்கப் புல்லும் சதுப்பும் கருங்கல்லும்தான். லான்செஸ்டனுக்கும் போட்மினுக்கும் நடுவே அதைக் கடக்கிற வழியில் 1750-ல் இந்த விடுதியைக் கட்டினார்கள். குதிரை வண்டிக் காலம், 10, 15 மைல் ஓடினால் குதிரைக்கு மூச்சு வாங்கும், வேறு குதிரை பூட்ட வேண்டும், வண்டியில் வருகிறவர்களும் நனைந்து நடுங்கி வருவார்கள், அவர்களுக்குச் சூடாகச் சாப்பாடும் படுக்கையும் வேண்டும். 1778-ல் வண்டிக் கொட்டகை, லாயம், சேணம் வைக்கிற அறை எல்லாம் சேர்த்துப் பெரிதாக்கினார்கள்.

ஆள் நடமாட்டம் இல்லாத இடம் கள்ளக்கடத்தல்காரர்களுக்கும் தோதாகப் போயிற்று. கரையில் இறக்கிய பிராந்தி, புகையிலை, தேயிலை எல்லாம் இங்கே பதுங்கி உள்நாட்டுக்குப் போகும். தேயிலையைக் கடத்துவானேன் என்று கேட்பாய். 1784-ல் குறைக்கும் வரை அதற்கு வரி மட்டும் 119 சதவீதம்! அதற்கப்புறம்தான் 12.5 ஆனது. விலையைவிட வரி அதிகமாக இருந்தால் ஏழைகள் வேறு வழி தேடத்தான் செய்வார்கள், அவர்களை வெறும் திருடர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேய்க்கதைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்று. மதுக்கூடத்தில் குடித்துக்கொண்டிருந்த ஒருவனை வெளியே யாரோ கூப்பிட, குவளையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனானாம். மறுநாள் காலையில் மூரில் பிணமாகக் கிடந்தான். கொன்றது யார் என்று தெரியாது, அவன் பேர்கூடக் கதையில் இல்லை. மிச்சத்தைக் குடித்து முடிக்கத்தான் இன்னும் வருகிறான் என்கிறார்கள். ராத்திரியில் முற்றத்துக் கல்தளத்தில் குளம்புச் சத்தமும் சக்கரச் சத்தமும் கேட்கிறதாம். புரியாத பாஷையில் முணுமுணுப்புக்கூடக் கேட்குமாம், அது கார்ன்வாலின் பழைய மொழியான கார்னிஷோ என்று சிலருக்குச் சந்தேகம். அந்த மொழி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பேச்சிலிருந்தே போய்விட்டது, அதனால் எனக்கு இதில் பயத்தைவிட வருத்தம்தான் அதிகம். இப்போது அதைத் திரும்பக் கற்றுப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதில் சந்தோஷம்.

பக்கத்திலேயே டோஸ்மரி குளம் இருக்கிறது, பகலில் போய்ப் பார். ஜான் ட்ரிகீகிள் என்ற கொடுமைக்கார மேலாளின் ஆவி, அடியில் ஓட்டை விழுந்த சிப்பி ஓட்டால் அந்தக் குளத்தை இறைத்துக்கொண்டே இருக்கிறதாம். ஏழைகளை ஏய்த்தவனுக்கு ஊர் ஜனங்கள் கொடுத்த தண்டனை அது, எனக்கு ரொம்பப் பிடித்த கதை.

ராத்திரியில் நண்பர்களோடு கேலி பேசிக் கத்தாதே, கொலையுண்டவன் கதை அது. அப்புறம், பனிமூட்டம் இறங்கினால் மூருக்குள் நடக்கவே நடக்காதே, சதுப்பு எங்கே என்று கண்ணுக்குத் தெரியாது. 1930-ல் குதிரையில் போன இரண்டு பெண்கள் வழி தவறி, கடைசியில் குதிரைகள்தான் அவர்களை விடுதிக்குக் கொண்டுவந்து சேர்த்தன, உன்னிடம் குதிரை இல்லை. தடித்த கோட்டு எடுத்துக்கொள், போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு.

அன்புடன்,
அம்மா