பழைய கணினிக்குப் புதிய டிவிடி டிரைவ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பழைய மேசைக் கணினியின் சிடி டிரைவை மாற்றித் தரக் கேட்டபோது, கடைக்காரர் கணினியையே மாற்றச் சொன்னார். அது தேவையற்றது எனப் பிறகு நானே கண்டுகொண்டேன். 700 எம்பி குறுந்தகட்டோடு நின்றுவிட்ட அந்த டிரைவின் இடத்தில், 4.7 ஜிபி வட்டிலும் எழுதவல்ல டிவிடி ரைட்டரைப் பொருத்த, நான்கு திருகாணிகளும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் போதுமானவையாக இருந்தன.

வாங்குமுன் பார்க்க வேண்டியது இணைப்பு வகையைத்தான். பட்டையான 40 முனைக் கேபிள் என்றால் ஐடிஇ எனும் பழைய வகை. மெல்லிய 7 முனைக் கேபிள் என்றால் சாட்டா எனும் புதிய வகை. ஐடிஇ கேபிளில் ஹார்ட் டிஸ்க் மாஸ்டராக, அதாவது முதல் சாதனமாக, இருக்குமானால், அதே கேபிளில் மாட்டும் டிரைவின் ஜம்பரை, அதாவது பின்புற ஊசிகளில் செருகும் சிறு துண்டை, ஸ்லேவ் எனும் இரண்டாம் சாதன நிலையில் வைக்க வேண்டும். நகத்தளவுகூட இல்லாத அந்தத் துண்டை மறந்துதான் ஒரு மாலைப் பொழுதை வீணடித்தேன். புதிய டிரைவ்கள் பெரும்பாலும் சாட்டா வகையாகவே வருவதால், கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் அவ்விணைப்பு இல்லாதவர்கள், அதில் செருகி அவ்விணைப்பைப் பெற உதவும் பிசிஐ சாட்டா அட்டையையும், 4 முனை மின்னிணைப்பை 15 முனையாக மாற்றும் கேபிளையும் சேர்த்து வாங்க நேரும்.

இவ்விவரங்களைக் கூறி, முடிவை வாடிக்கையாளரிடம் விடுவதே பழுதுபார்ப்போருக்கு முறையாகும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்