வேளாங்கண்ணிக்கு நடந்த கால் மீன் மார்க்கெட்டுக்கு நடக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கினால் நாளிதழ்களில் அதன் முதல் நாளான சாம்பல் புதன் படம் வந்துவிடும், சாமியார் ஒரு குழந்தையின் நெற்றியில் சாம்பல் பூசுகிற மாதிரி. கூடவே தவக்காலம் என்றால் என்ன, நாற்பது நாள் ஏன் என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: நோன்பு, ஜெபம், தானம். மூன்றும் சரிதான். ஆனால் நாலாவதாக ஒன்று அந்தக் குறிப்பில் வருவதே இல்லை, எங்கள் பிரசங்கத்திலும் அபூர்வமாகத்தான் வருகிறது. யாருக்கு அநியாயம் செய்தோமோ அந்த ஆளிடமே போய்ச் சொல்லி, கெடுத்ததைச் சரிசெய்வது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடலூர் முதுநகரில் 22 வருடமாக மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கத்தோலிக்கன். தவக்காலம் முழுக்க வீட்டில் கறி மீன் கிடையாது, வெள்ளிக்கிழமை, இயேசு சிலுவை சுமந்த வழியை நினைத்து ஜெபிக்கும் சிலுவைப் பாதையில் பதினான்கு ஸ்தலத்துக்கும் முட்டி போடுவேன், ஆகஸ்ட் கடைசியில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடப்பேன். ஒன்பது வருடம் விடாமல் நடந்திருக்கிறேன். நூறு கிலோமீட்டருக்கு மேல், செருப்பில்லாமல், கால் கொப்பளித்துப் போகும். என் பக்தியில் எந்தக் குறையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் கடையில் ஒரு ஆயா கடன் வைத்து வாங்குவார். துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அரிசி ஒரு கிலோ, எண்ணெய் நூறு மில்லி, துவரம் பருப்பு கால் கிலோ, இப்படித்தான் வாங்குவார். வாரம் முடிந்தால் கணக்குத் தீர்ப்பார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது, நோட்டைப் பார்த்து 340 ரூபாய் பாக்கி என்றேன். "அதை நான் வாங்கவே இல்ல தம்பி" என்றார். நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். அவர் மறுபடியும் இல்லை என்றதும், கூட்டம் வேறு நிற்கிறது, எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கித் தின்னுட்டு இல்லேன்னு சொல்ற வயசா ஆயா இது" என்று கேட்டேன். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. அன்னக்கூடையைக் கீழே வைத்தார், இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார், பத்து ரூபாய் நோட்டாக முப்பத்து நாலு எண்ணிப் பலகை மேல் வைத்தார். எல்லாம் ஈரம், மீன் வாசனை. எடுத்துக் கல்லாவில் போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துக் கணக்கு சரிபார்க்கும்போது தெரிந்தது. அதே பெயரில் இன்னொரு அம்மா எங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அவர் வாங்கியதை ஆயா பக்கத்தில் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

அப்போது தவக்காலம். பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறப் போனேன், அழுதே சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த அம்மாகிட்ட சொன்னீங்களா?" இல்லை என்றேன். முதலில் போய்ச் சொல்லுங்கள், பணத்தைக் கொடுங்கள் என்றார். சரி சாமி என்று வந்துவிட்டேன்.

வந்த பிறகும் மூன்று வாரம் ஆயாவிடம் போகவில்லை. இதை நான் ஒளிக்க விரும்பவில்லை. மூன்று வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குப் போனேன், முட்டி போட்டேன், இயேசு முதல் முறை விழுகிறார், இரண்டாம் முறை விழுகிறார் என்று எல்லாரோடும் சேர்ந்து ஜெபித்தேன். அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மார்க்கெட்டுக்குப் போகக் கால் வரவில்லை. வேளாங்கண்ணிக்கு நடந்த அதே கால்தான். வழியெல்லாம் தண்ணீர் கொடுப்பார்கள், மோர் கொடுப்பார்கள், "மரியே வாழ்க" என்று கூடவே ஆயிரம் பேர் வருவார்கள், அந்த நடையில் மனதுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இந்த அரை கிலோமீட்டர் தனியாகப் போக வேண்டிய வழி.

நாலாவது வாரம் போனேன். சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குனிந்து மெதுவாகச் சொன்னேன், தப்பு என்னுடையது, உங்கள் பேச்சுதான் உண்மை என்று. பணத்தை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நாலு பேர் எதிர்லதானே சொன்ன தம்பி. இங்க வந்து காதுல சொல்ற." அவ்வளவுதான், மறுபடி மீனைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

அன்று ராத்திரி தூங்கவில்லை. அந்த ஆயா வேதம் படித்தவர் இல்லை, எங்கள் கோயிலுக்கு வருபவரும் இல்லை. ஆனால் நற்செய்தியில் இருக்கிற விஷயத்தை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். எரிகோ ஊரின் வரி வசூல்காரர் சக்கேயு, குள்ளமானவர், இயேசுவைப் பார்க்க அத்திமரத்தில் ஏறினார் என்று சிறு வயதிலிருந்து பாட்டாகவே பாடியிருக்கிறோம். மரம் ஏறியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இறங்கிய பிறகு அவர் என்ன சொன்னார் என்பதை லூக்கா 19-இல் பாருங்கள்: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, யார்மேலாவது பொய்க் குற்றம் சுமத்திப் பிடுங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்கிறார். ஊரே முணுமுணுத்துக்கொண்டு சுற்றி நிற்கும்போது எழுந்து நின்று சொல்கிறார். "இன்று இந்த வீட்டுக்கு மீட்பு" என்று இயேசு சொல்வது அதற்கு அப்புறம்தான்.

அடுத்த சனிக்கிழமை ஆயாவை ஆள் விட்டு அழைத்தேன். சாயங்காலம் ஆறு மணி, அதே கூட்டம் நிற்கிற நேரம். எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, ஆயா பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பாக எழுதிவிட்டு அவரைத் திட்டினேன் என்று சொன்னேன். நாக்கு ஒட்டிக்கொண்டது, இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. நாலு மடங்கு கணக்குப் போட்டு 1,360 ரூபாய் வைத்தேன். அவர் 340-ஐ மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டார். "என் காசு போதும்" என்றார். மீதி உண்டியலுக்குப் போனது.

எங்கள் பூசையின் தொடக்கத்தில் ஒரு ஜெபம் சொல்கிறோம், எல்லாம் வல்ல இறைவனிடமும் சகோதர சகோதரிகளே உங்களிடமும் நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன் என்று. சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் கடமையில் தவறியதாலும் என்று சொல்லி, என் பாவமே என்று வரும்போது மார்பில் தட்டிக்கொள்கிறோம். "உங்களிடமும்" என்கிற அந்த ஒரு சொல்லை நான் நாற்பது வருடமாக வாயால் சொல்லிக் கடந்திருக்கிறேன். மலைப்பொழிவில் இயேசு இன்னும் பச்சையாகவே சொல்கிறார், காணிக்கையோடு பீடத்துக்கு முன்னால் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு சமாதானம் செய்துகொள் என்று. திருச்சபையும் இதை மறைத்து வைக்கவில்லை. 1992-இல் வந்த, திருச்சபையின் போதனைகளைத் தொகுத்துச் சொல்லும் கத்தோலிக்க மறைக்கல்வி ஏட்டில் 1459-ஆம் எண்ணில் தெளிவாகவே இருக்கிறது: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் அந்தப் பாவத்தால் வந்த சேதத்தைச் சரிசெய்துவிடாது, திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுக் கொடுக்க வேண்டும். பணத்தைத் திருப்புவது சுலபம். பெயரை மீட்பதுதான் கஷ்டம், ஏனென்றால் அதற்கு நம் பெயரைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் மன்னிப்பு கேட்பதற்கென்றே ஒரு வாசகம் வைத்திருக்கிறோம்: "தெரிந்தோ தெரியாமலோ ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னிக்கவும்." கல்யாண வீட்டில் சொல்கிறோம், பணி ஓய்வு விழாவில் சொல்கிறோம், வருடப் பிறப்புக்கு வாட்ஸ்அப்பில் நூறு பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்புகிறோம். இதை மன்னிப்பு என்று நான் இனிமேல் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெரிந்துதானே செய்தோம். என்ன செய்தோம், எப்போது செய்தோம் என்று சொல்லாத மன்னிப்பு யாரையும் தொடாது.

எங்கள் பக்கம் லுத்தரன் சபைக்காரர்கள் நிறையப் பேர் உண்டு. சைக்கிள் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அந்தச் சபைதான். அந்தச் சபைக்கு மூலவரான மார்ட்டின் லுத்தர் 1517-இல் எழுதிய 95 கருத்துகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்க்கை முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான் என்று அவர் சொல்லித்தான் தெரியும். திருவிருந்து இருக்கிற ஞாயிற்றுக்கு முந்தின ராத்திரி அவர் கடைப் பையனிடம், இந்த வாரம் உன்னை ஏதாவது அநியாயமாகத் திட்டினேனா என்று கேட்பாராம். பையன் முதலில் பயந்து இல்லை இல்லை என்பானாம், இப்போது நாள் கிழமையோடு சொல்கிறானாம். எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், கடை ஷட்டரை இறக்குகிற நேரத்தில் தினமும் இரண்டு நிமிடம் நின்று யோசிக்கிறேன். இன்றைக்கு யாரிடம் கத்தினேன், மூட்டை இறக்கியவருக்கு இன்றைய கூலி இன்றைக்கே போனதா. கூலிக்காரனுடைய சம்பளம் விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்று லேவியராகமத்திலேயே இருக்கிறது. நாளைக்கு வாங்கிக்கங்க என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

வீட்டில் இது இன்னும் கடினம். பன்னிரண்டாவது படிக்கும் என் மகனை அவன் செய்யாத ஒன்றுக்காக அடித்துவிட்டேன். அப்புறம் உண்மை தெரிந்ததும் பரோட்டா வாங்கி வந்து வைப்பது, அதுதான் நம் அப்பாக்களின் மன்னிப்பு. இந்த முறை பரோட்டாவும் வாங்கினேன், வாயாலும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். இரண்டு நாள் கழித்து அவனாகவே வந்து, தன் செல்போன் கண்ணாடி உடைந்த கதையை முழுதாகச் சொன்னான்.

தனி ஆளுக்கு மட்டும்தான் இது என்று நான் நினைக்கவில்லை. புதுச்சேரியில் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேவுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும் இருந்தவர், தன் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். கோயிலுக்குள்ளேயே ஒடுக்கப்பட்ட சாதிக் கிறிஸ்தவர்களைத் தனியாக நிறுத்த ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த ஒரு சாமியார் அதைப் பார்த்துவிட்டு அந்த மக்களையே போய்க் கேட்கச் சொல்ல, அவர்கள் பெரிய சாமியாரிடம் நேராகப் போய்க் கேட்டார்கள். அவர் அவர்கள் சொன்னதைக் கேட்டு, சுவரை இடிக்கச் சொன்னார். கேட்டதோடு நிறுத்தவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆனால் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. எங்கள் புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்திலேயே எறையூரில் 2008-இல் சாதிச் சண்டை துப்பாக்கிச் சூடு வரை போனது. சாதிக்கொரு கல்லறை இன்னும் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊரில் இருக்கிறது. ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறவர்கள் ஒரே மண்ணில் படுக்கக்கூடாது என்றால், அந்த நோன்பையும் ஜெபத்தையும் ஆண்டவர் எப்படி ஏற்றுக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை, எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

சில விஷயங்களில் போய்ச் சொன்னாலே அந்த ஆளுக்குப் புதிதாகக் காயம் வரும், அங்கே ஒரு நல்ல சாமியாரிடமோ பெரியவரிடமோ கேட்டுச் செய்யலாம். சிலர் இறந்தே போயிருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம், பிள்ளைகளும் இல்லையென்றால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். ஆனால் உயிரோடு பக்கத்துத் தெருவில் இருப்பவரிடம் போகாததற்கு எந்தச் சாக்கும் கிடையாது.

அதனால் ஆசிரியர் அவர்களே, அடுத்த சாம்பல் புதனுக்குக் குறிப்பு போடும்போது நோன்பு, ஜெபம், தானத்தோடு இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். சக்கேயுவின் பெயரைப் போட்டாலே போதும்.

ஆயா அதற்கப்புறம் ஒன்றரை மாதம் கடைக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து நூறு கிராம் கடுகு வாங்கி, கையோடு காசு கொடுத்துவிட்டுப் போனார். இப்போது மறுபடியும் கடன் வைத்து வாங்குகிறார், ஆனால் எட்டாவது படிக்கும் பேத்தியையும் ஒரு கோடு போட்ட நோட்டையும் கூடக் கூட்டி வருகிறார். நான் என் நோட்டில் எழுதுவதை அந்த நோட்டிலும் எழுதிக் கொடுக்கிறேன். பேத்தி விரல் வைத்துக் கூட்டிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் ஆயா கூடையைத் தூக்குகிறார்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக் கடைக்காரன்,
கடலூர் முதுநகர்.