‘டிவியிலும் வரும்’ என்று சொல்லி விற்ற ஓராண்டு பேக் பற்றிய புகார்

அனுப்புநர்:
உங்கள் பிராட்பேண்ட் சந்தாதாரர்,
தஞ்சாவூர்.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அதிகாரி அவர்கள்,
சென்னை.

நாள்: 17 ஜூன் 2025

பொருள்: டிவி சந்தாவைச் சொல்லாமல் மொபைல் சந்தாவாக மாற்றியது தொடர்பாக

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த டிசம்பர் 18ஆம் தேதி உங்கள் விற்பனைப் பிரதிநிதி எங்கள் வீட்டுக்கு வந்தார். மாதம் 999 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் இன்டர்நெட்டோடு ஹாட்ஸ்டாரும் சேர்ந்து வரும் என்றார். நான் கேட்டது ஒரே கேள்விதான்: “டிவியில் வருமா தம்பி?” “தாராளமா வரும் சார், ஐ.பி.எல். முழுக்கப் பாக்கலாம்” என்றவர், நோட்டீஸின் பின்பக்கம் ‘டிவி + மொபைல்’ என்று பேனாவால் எழுதியும் கொடுத்தார். அதன் நகலை இணைத்திருக்கிறேன். 11,988 ரூபாய் கட்டினேன். அந்த வாரமே கேபிள்காரரைக் கூப்பிட்டு செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். பதினெட்டு வருடப் பழக்கம், அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மார்ச் 9ஆம் தேதி துபாயில் இந்தியா சாம்பியன்ஸ் டிராபியை வென்றதை எங்கள் டிவியில்தான் பார்த்தோம். எந்தக் குறையும் இல்லை. மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை, சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மும்பைக்கும் ஐ.பி.எல். ஆட்டம். ஆப்பைத் திறந்தால், உங்கள் திட்டம் மொபைலுக்கு மட்டும், டிவியில் பார்க்க வேண்டுமானால் கூடுதல் பணம் கட்டுங்கள் என்கிறது. என் அப்பாவுக்கு வயது 78. கண் மங்கல். டிவிக்கு மூன்றடி தள்ளி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பாதி பார்த்து, மீதியைத் தமிழ் வர்ணனையில் கேட்டுத்தான் ஆட்டத்தைப் புரிந்துகொள்வார். அன்று என் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்காமல் ஆறாவது ஓவரில் நானே 299 ரூபாய் கட்டி டிவியில் வரவைத்தேன்.

மறுநாள் உங்கள் கால் சென்டரை அழைத்தேன். டிவியை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். ஆப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். மூன்றாவது முறை பேசியவர்தான் உண்மையைச் சொன்னார். ஓராண்டுப் பணத்தை மொத்தமாக வாங்கினாலும் ஹாட்ஸ்டார் சந்தாவை நீங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிப்பீர்களாம். மார்ச் 18 அன்று புதுப்பித்தபோது மொபைல் திட்டத்தைப் போட்டுவிட்டீர்களாம். ஏன் என்று கேட்டதற்கு, “கம்பெனிங்க ஒண்ணா சேந்துட்டாங்க சார், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்றார். போதாக்குறைக்கு, ஐ.பி.எல்.லை டிடியில் பார்த்துக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வேறு. தேசிய முக்கியத்துவம் உள்ளவை என்று அரசு அறிவித்த ஆட்டங்களை, டிடியை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பட்டியலில் ஐ.பி.எல். கிடையாது.

‘எங்கள் கையில் இல்லை’ என்ற பதிலை நான் ஏற்கவில்லை. அந்த இணைப்பு ஒரே ராத்திரியில் நடந்ததா என்ன? ஜியோசினிமாவின் ரிலையன்ஸும் ஹாட்ஸ்டாரின் டிஸ்னியும் தங்கள் டிவி, ஆப் தொழிலை ஒன்றாக்கப்போவதாக 2024 பிப்ரவரி 28 அன்று அறிவித்தார்கள். வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் ஆகஸ்ட் 28 அன்று அனுமதி கொடுத்தது. நவம்பர் 14 அன்று இணைப்பு முடிந்தது. உங்கள் ஆள் என் வீட்டுக் கதவைத் தட்டியது அதற்கும் ஒரு மாதம் கழித்து. 2025 பிப்ரவரி 14 அன்று ஜியோசினிமாவும் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டார் என்ற ஒரே ஆப் ஆனபோது விலைப்பட்டியலும் கூடவே வந்தது: மூன்று மாதத்துக்கு மொபைல் மட்டும் என்றால் 149, டிவியும் வேண்டுமென்றால் 299. அதில் எதை வாங்கி எனக்குக் கொடுப்பது என்று முடிவெடுத்தது நீங்கள்தான். கடை விலைப்படி வித்தியாசம் 150 ரூபாய். அதை மிச்சம் பிடித்த உங்களுக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பத் தோன்றவில்லை.

எனக்கு எரிச்சல் அந்த 150 ரூபாயால் மட்டும் அல்ல. 2022 ஜூன் ஏலத்தில் ஐ.பி.எல்.லின் டிவி உரிமையை டிஸ்னியின் ஸ்டார் 23,575 கோடிக்கும், ஆப்பில் காட்டும் டிஜிட்டல் உரிமையை ரிலையன்ஸ் பக்கத்து வயாகாம்18 23,758 கோடிக்கும் எடுத்தன. இரண்டும் மல்லுக்கு நின்றதில் நமக்கு யோகம். 2023 ஐ.பி.எல்.லை ஜியோசினிமா சும்மாவே காட்டியது. பார்த்தார்கள் ஹாட்ஸ்டார்காரர்கள், அதே வருட உலகக் கோப்பையை மொபைலில் இலவசமாக்கினார்கள். இப்போது எதிரும் புதிருமாக இருந்த இரண்டு கடையும் ஒரே முதலாளி கையில். விஜய் டிவியும் கலர்ஸ் தமிழும்கூட ஒரே கூரைக்குக் கீழே வந்துவிட்டன. கோபித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போக வழியில்லை. 2027 வரை ஐ.பி.எல். இவர்களிடம்தான். அடுத்த ஏலத்தில் எதிர்த்துக் கேட்க யார் வருவார்களோ. இப்படி ஒரு நிலையில், நடுவில் நின்று பேக் விற்கிற உங்களைப் போன்றவர்கள் என்ன திட்டம், எத்தனை திரை, எத்தனை மாதம் என்று தெளிவாக எழுதித்தானே விற்க வேண்டும்? உங்கள் நோட்டீஸில் இன்றைக்கும் வெறும் ‘ஹாட்ஸ்டார் இலவசம்’ என்றுதான் இருக்கிறது. போன வாரம் எங்கள் வாசலில் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

(ஐ.பி.எல்.லில் சென்னை கடைசியாக, பத்தாவது இடத்தில் முடித்த வருடம், டிவியில் வராமல் இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்பது என் மைத்துனரின் கருத்து. அதை உங்கள் தரப்பு வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

நான் கேட்பது இதுதான். என் கையிலிருந்து கட்டிய 299 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். டிசம்பர் 17 வரை டிவியில் பார்க்கக்கூடிய திட்டத்தை உங்கள் செலவிலேயே போட்டுக் கொடுங்கள். அது முடியாதென்றால் மீதி ஆறு மாதத்துக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

நான் கட்டிய 299 ரூபாய் சந்தா வரும் 23ஆம் தேதியோடு முடிகிறது. 20ஆம் தேதி இங்கிலாந்தின் லீட்ஸில் இந்தியாவின் டெஸ்ட் தொடங்குகிறது. நம் தமிழ்நாட்டுப் பையன் சாய் சுதர்சன் அணியில் இருப்பதால் அப்பா இப்போதே நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆட்டத்தின் நான்காம் நாள் டிவி மறுபடியும் பணம் கேட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்வேன். கிரிக்கெட்டுக்குத்தான் வேறு கடை இல்லை. இன்டர்நெட்டுக்கு எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று கம்பெனி இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் சந்தாதாரர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, நோட்டீஸின் பின்பக்க நகல், டிவி திரையின் படம்