பை நீரைக் கொட்டுவதற்கு முன்

கடல் வண்ணமீன்களை இறக்குமதி செய்யும் நாடுகளின் சுங்க, மீன்வள, வனவிலங்குத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். விமானச் சரக்குக் கூடத்தில் உங்கள் முன்னால் திறக்கப்படும் தெர்மாக்கோல் பெட்டிகளைப் பற்றித்தான் இந்த மடல். உள்ளே அடுக்கடுக்காகப் பாலித்தீன் பைகள். ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் கடல்நீர், அதற்கு மேல் ஆக்சிஜன், பெரும்பாலும் ஒரே ஒரு மீன். நீங்கள் ஆவணத்தைப் பார்க்கிறீர்கள், எண்ணிக்கையைச் சரிபார்க்கிறீர்கள், தடைசெய்யப்பட்ட இனம் ஏதும் கலந்திருக்கிறதா என்று கவனிக்கிறீர்கள். அந்த மீன் சயனைடு விஷம் வைத்துப் பிடிபட்டதா என்பதைச் சோதிப்பது மட்டும் இன்னும் வழக்கமான வேலையாகவில்லை. வீட்டில் கடல்மீன் தொட்டி வைத்துப் பராமரிப்பவன் என்ற முறையில் அதைக் கேட்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

சயனைடு வைத்து மீன் பிடிப்பது 1960களில் பிலிப்பைன்ஸில் தொடங்கியது, அப்புறம் இந்தோனேசியாவுக்கும் பரவியது. சோடியம் சயனைடு வில்லையை நொறுக்கி, கடல்நீரில் கரைத்து, பீய்ச்சும் பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றிக்கொண்டு நீருக்குள் இறங்குவார்கள். பவளப்பாறையின் இடுக்கில் ஒளிந்திருக்கும் மீனை நோக்கி ஒரு பீய்ச்சு. வெண்மேகம் போலப் பரவும் அந்த நீரில் மீன் தள்ளாடி மயங்கும். வெளியே வராமல் உள்ளேயே கிடந்தால் கடப்பாரையால் பவளத்தைப் பெயர்த்து எடுப்பார்கள். பெயர்க்காமல் விட்ட பவளமும் தப்புவதில்லை. சயனைடு பட்டதும் அதற்கு உணவு தரும் நுண்பாசிகள் வெளியேறி, அது வெளுத்துப்போகிறது. விற்பனைக்கு ஆகாத சிறு மீன்களும் இறால்களும் அங்கேயே செத்துக் கிடக்கும்.

பிடிபட்ட மீனும் முழுதாகத் தப்புவதில்லை. சயனைடு உயிரணுக்களுக்குள் போய், அவை ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் செய்துவிடுகிறது. சுத்தமான நீரில் விட்டதும் மீன் தெளிந்துவிடும், நீந்தும், சாப்பிடவும் செய்யும். நாடு கடந்து வந்து, யாரோ ஒருவர் ஆசையாக வாங்கித் தொட்டியில் விட்ட பிறகு, எந்த நோய் அறிகுறியும் இல்லாமல் ஒரு காலையில் செத்து மிதக்கும். பயணக் களைப்பாலும் பட்டினியாலும்கூட மீன்கள் இப்படிச் சாவதுண்டு. அதனால்தான் சாவை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது, சோதனை வேண்டும் என்கிறேன்.

சட்டம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா இரண்டிலுமே இந்த முறைக்குத் தடை இருக்கிறது. உலகிலேயே அதிகமாகக் கடல் வண்ணமீன் வாங்கும் அமெரிக்காவில், பிற நாட்டுச் சட்டத்தை மீறிப் பிடித்த உயிரினத்தை இறக்குமதி செய்வதே லேசி சட்டப்படி குற்றம். 2004-05இல் அங்கே வந்த இறக்குமதி ஆவணங்களை ஆராய்ந்தபோது, ஒரே ஆண்டில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட கடல்மீன்கள் வந்திருந்தன. அவற்றில் மிகப் பெரும்பகுதி இந்த இரண்டு நாடுகளிலிருந்துதான். இவற்றில் எது வலையில் விழுந்தது, எது விஷத்தில் விழுந்தது என்பதை எந்த ஆவணமும் சொல்லாது.

சோதனை முறைதான் சிக்கல் என்பீர்கள், உண்மைதான். பிலிப்பைன்ஸில் 1990களில் ஆய்வுக்கூடங்களே அமைத்துச் சோதித்தார்கள். ஆனால் மீனைக் கொன்று, அரைத்து, அமிலத்தில் காய்ச்சிச் சயனைடை அளக்க வேண்டியிருந்தது. உடலிலிருந்து சயனைடு சீக்கிரமே மறைந்துவிடும் என்பதால், கடல் கடந்து உங்கள் கைக்கு வரும் மீனுக்கு இந்த முறை அவ்வளவாகப் பயன்படாது. மீனின் உடல் சயனைடைத் தயோசயனேட்டாக மாற்றி, சிறுநீர் வழியாக மெல்ல வெளியேற்றுகிறது. போர்ச்சுகலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2012இல், மீன் இருக்கும் நீரிலேயே அந்தத் தயோசயனேட்டை ஒளியிழை உணரி கொண்டு அளக்கலாம் என்று காட்டினார்கள். மீனைக் கொல்ல வேண்டியதில்லை. பின்னால் வேறு ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்: கடல்மீன் மிகக் குறைவாகத்தானே சிறுநீர் கழிக்கும், அதில் கண்டுபிடிக்கும் அளவுக்குத் தயோசயனேட் வருமா? நியாயமான கேள்வி.

இந்தக் கேள்வியைக் காரணம் காட்டி ஆண்டுக்கணக்கில் சும்மா இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சந்தேகம் இருந்தால் அதைத் தீர்க்க மாதிரிகள் வேண்டும், அவை உங்களிடம்தான் இருக்கின்றன. மீன் ஒரு நாளோ அதற்கு மேலோ அடைபட்டுக் கிடந்த பை நீர், தொட்டிக்கு ஆகாது என்று கடைசியில் கொட்டப்படுகிறது. வழியில் செத்த மீன்களும் குப்பைக்குத்தான் போகின்றன. அந்த நீரிலும் செத்த மீன்களின் இரத்தத்திலும் தயோசயனேட்டை அளந்து பாருங்கள். பண்ணையில் முட்டையிலிருந்து வளர்த்த கோமாளி மீன்களையும், வலையில் பிடித்தது என்று உறுதியாகத் தெரிந்த மீன்களையும் அதே பயணத்துக்கு உட்படுத்தி ஒப்பிடுங்கள். தயோசயனேட் உணவிலிருந்தும் சிறிது வரலாம். எனவே இயல்பான அளவு எது, சந்தேகத்துக்குரிய அளவு எது என்று இனவாரியாகத் தெரிந்தாக வேண்டும். நீல டாங் என்ற மீனுக்குப் பொருந்தும் எண் மாண்டரின் மீனுக்குப் பொருந்தாமல் போகலாம்.

அதுவரை ஒரு சோதனையை வைத்து வழக்குப் போடச் சொல்லவில்லை. ஒரே ஏற்றுமதியாளரிடமிருந்து வரும் பெட்டிகள் திரும்பத் திரும்பச் சந்தேகம் எழுப்பினால் அவருடைய அடுத்தடுத்த சரக்குகளைக் கூடுதலாகச் சோதியுங்கள், எந்தக் கடலில் யாரிடம் வாங்கினார் என்று கேளுங்கள். சோதனை வரும் என்று தெரிந்தாலே பலர் திருந்துவார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தண்டனை கடலில் இறங்கும் ஆளின் தலையில் மட்டும் விழக் கூடாது. காம்பிரசரிலிருந்து காற்று வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போய், அழுத்த மாற்றத்தால் உடல் முடங்கி நடக்க முடியாமல் ஆனவர்கள் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மீனுக்கு இவ்வளவு என்று சொற்பக் காசுதான் அவர்களுக்கு. பாலியின் வடகரையில் உள்ள லெஸ் கிராமத்தில் மீனவர்கள் சயனைடை விட்டு வலைக்கு மாறினார்கள். மெல்லிய வலையும் பயிற்சியும் நியாயமான விலையும் கிடைத்தால் மற்ற இடங்களிலும் அது நடக்கும். இறக்குமதிக் கட்டணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள்.

முடிவுகளை வெளியிடுங்கள்: எந்த இனம், எந்த நாடு, எத்தனை மாதிரி, எத்தனை சந்தேகம். மீன் வாங்கும் எங்களுக்கு இன்று கடைக்காரரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அந்தப் பட்டியல் கையில் இருந்தால் எந்த மீனை வாங்கக் கூடாது என்பதை நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்ப்பவன்