முன்னாள் படைவீரர்களின் கல்லறைக் கற்களைக் கல் கெடாமல் சுத்தம் செய்ய ஏற்பாடு வேண்டி மனு

அனுப்புநர்:
முன்னாள் படைவீரர் ஒருவரின் மகள்,
பட்டுக்கோட்டை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். 1971 போருக்குப் போய் வந்தவர். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவர் தலைமாட்டில் வெள்ளைச் சலவைக்கல் நட்டு, பெயரோடு படை எண்ணையும் படைப்பிரிவையும் வெட்டி வைத்தோம். போன வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்பு, பாசி படிந்து கறுத்திருந்த கல்லைக் கழுவ ஆள் வைத்தேன். அவர் நல்ல எண்ணத்தில்தான் ஆசிட்டை ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கல் வெளுத்தது, ஆனால் படை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் போய்விட்டன. விரலால் தடவினாலும் தட்டுப்படவில்லை. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, எனக்கும் அன்று தெரியாது.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் ஆசிட் பட்டால் கரையும். பிளீச்சிங் பவுடரின் உப்பு கல்லுக்குள் இறங்கி, பிறகு மேல்பரப்பைப் பொருக்குப் பொருக்காக உதிர்க்கும். வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரும் ஆகாது. கல்லை முதலில் நல்ல தண்ணீரால் நனைத்து, பாசியை மரச் சில்லால் மெல்லச் சுரண்டி, மெத்தென்ற நைலான் பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் வழிந்து கோடு கோடாகக் கறை படியும். மாவு மாவாக உதிரும் கல்லைத் தொடவே கூடாது. சுண்ணாம்போ பெயிண்டோ பூசுவதும் வேண்டாம், எழுத்து அடைபட்டுவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே பாசி சீக்கிரம் பிடிக்கும். களிமண் ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிப்பதால் கற்களும் சாய்கின்றன. 2018 கஜா புயலில் மரம் விழுந்து உடைந்தவை வேறு.

எனவே, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக, ஆலயக் கல்லறைத் தோட்டங்களிலும் பள்ளிவாசல் அடக்கத்தலங்களிலும் ஊராட்சி இடுகாடுகளிலும் உள்ள படைவீரர் கல்லறைகளைக் கணக்கெடுத்து, கல்லில் உள்ள எழுத்தைப் போட்டோ எடுத்துவைக்க உத்தரவிட வேண்டுகிறேன். எழுத்து போனாலும் பதிவாவது இருக்கும். குடும்பத்தாரின் சம்மதத்தோடு வருடம் ஒருமுறை, மழை ஓய்ந்து தை மாதத்தில், பழகிய ஆட்களைக் கொண்டு கழுவ வேண்டும். சென்னை நந்தம்பாக்கத்தில் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிப்பவர்களிடம் இதற்குப் பயிற்சி கேட்கலாம்.

இதற்கெல்லாம் நாளாகும், சரி. ஆனால் ஆசிட், பிளீச்சிங் பவுடர், கம்பி பிரஷ் வேண்டாம் என்று தமிழில் ஒரு பக்க அறிவிப்பு அச்சிட்டு, கல்லறைத் திருநாளான நவம்பர் 2க்குள் பங்கு ஆலயங்களுக்கும் ஜமாத்துகளுக்கும் ஊராட்சிகளுக்கும் அனுப்பிவிடலாம். பெரும்பாலானோர் அந்த வாரத்தில்தான் பிரஷ்ஷை எடுக்கிறார்கள். இதை மட்டுமாவது இந்த வருடமே செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)