கதிரையைக் கொடுத்துவிட்டுப் போனவருக்கும் கூட நின்றவர்களுக்கும்

அந்தக் கதிரை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பச்சைக் கான்வஸ் துணி, மடிக்கிற கம்பி. கைக்கு வந்தபோது ஒரு கைப்பிடி கழன்று கறுப்பு டேப்பால் சுற்றியிருந்தது. முதுகுப் பக்கத்தில் வெளிறிப்போன ஒரு சமாதானச் சின்னம் ஒட்டியிருக்கிறது. லண்டன் ஊர்வலம் ஒன்றில் அதைக் கொடுத்த பெண்மணியின் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். அதனால்தான் இந்த மடல். தமிழில் எழுதினால் அவருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்பீர்கள். இதை வாசிக்கிற நம் பிள்ளைகளில் பலர் சனிக்கிழமைகளில் அதே தெருக்களில் நடக்கிறவர்கள். யாராவது ஒருவர் அவரைக் கண்டு சொல்லிவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

2023 நவம்பர் 11. காசாவில் போர்நிறுத்தம் கேட்டு, ஹைட் பார்க்கிலிருந்து நைன் எல்ம்ஸ் அமெரிக்கத் தூதரகம் வரை ஊர்வலம். பொலிஸ் கணக்கிலேயே மூன்று லட்சம் பேர். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வருத்தம் வேறு. வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அன்று அல்-ஷிஃபா மருத்துவமனையில் எரிபொருள் தீர்ந்து, குறைமாதக் குழந்தைகளின் இன்குபேட்டருக்கு மின்சாரம் இல்லை என்று செய்தி வந்திருந்தது. அம்மா டிவியை நிறுத்திவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இலங்கைப் போரில், 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் ஷெல் விழுந்தபோது சின்னம்மா அந்தப் பக்கத்தில்தான் இருந்தார். எத்தனையோ நாள் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே அம்மா தூங்கியது எனக்குத் தெரியும். அதற்குமேல் நான் மறிக்கவில்லை.

வொக்ஸோல் பாலத்தின் நடுவில் அம்மாவின் கை என் கையில் கனத்தது. "ஒண்டுமில்லை பிள்ளை, கொஞ்சம் தலை சுத்துது" என்றார். முகம் வெளுத்துவிட்டது. பின்னால் சனம் வந்துகொண்டே இருக்கிறது, இருக்க ஓர் இடமில்லை. அப்போதுதான் அந்தப் பெண்மணி தன் தோளில் தொங்கிய கதிரையை இறக்கி விரித்தார். அம்மாவின் வயதுதான் இருக்கும். அவருக்கும் கால் சரியில்லை. கதிரையை எங்களுக்குத் தந்துவிட்டுத் தான் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். பாலஸ்தீனச் சால்வை போட்ட ஒரு பெட்டை, இருபது வயதுகூட இருக்காது, சனத்துக்குள் ஓடிப்போய்த் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தாள். அவளுடைய சொந்தக்காரர் காசாவில் இருக்கிறார்கள், இரண்டு நாளாகத் தொடர்பில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் என் அம்மாவின் காலடியில் முழங்காலிட்டு, பழத்தின் கொட்டையை எடுத்து ஊட்டிவிட்டாள். அம்மா அவளை "என்ர குஞ்சு" என்று தமிழில் கூப்பிட்டார். மகளே, உனக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

எண்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஐயா பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அம்மா தேறும்வரை அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். கதிரைக்காரி 1958 ஈஸ்டரில் ட்ரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஆல்டர்மாஸ்டன் அணு ஆயுத நிலையத்துக்குப் போன நான்கு நாள் நடையில், ஏழு வயதில், தகப்பனின் தோளில் இருந்து போனவராம். அவர் கதிரையில் ஒட்டியிருக்கும் சின்னமே அந்த நடைக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைந்ததுதான். ஐயாவோ வியட்நாம் போரை எதிர்த்த காலத்து ஆள். 1968 மார்ச்சில், அப்போது அமெரிக்கத் தூதரகம் இருந்த குரோவ்னர் சதுக்கத்தில் பொலிஸ் குதிரைகளுக்கு முன் நின்றிருக்கிறார். தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 89 வயதில் அணு ஆயுத எதிர்ப்புக்காக ஒரு வாரம் பிரிக்ஸ்டன் சிறையில் இருந்ததையும், அவர் கடைசியாக எழுதிய அறிக்கை பாலஸ்தீன அகதிகளைப் பற்றியும் பேசியதையும் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். 1970 ஜனவரி 31 தேதியிட்டது. பெப்ரவரி 2இல் அவர் இறந்துவிட்டார், மறுநாள் கெய்ரோவில் அதை வாசித்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு கடன் இருக்கிறது. 2003 பெப்ரவரி 15இல் ஈராக் போருக்கு எதிராக நானும் நடந்தேன். பதாகைகளில் பாதி ஈராக்கைப் பற்றி, பாதி பாலஸ்தீனத்துக்கு விடுதலை கேட்டு. இதற்குள் அது எதற்கு என்று நினைத்தேன். 2009இல் எங்கள் ஊர்ப் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றச் சதுக்கத்தில் எழுபது நாளுக்கு மேல் நாங்கள் இருந்தபோது விளங்கியது. எங்களைக் கடந்து போனவர்கள் ஆயிரம் ஆயிரம். வீதியை மறித்துவிட்டீர்கள் என்று ஏசியவர்களும் உண்டு. நின்று "உங்கள் நாட்டில் என்ன நடக்கிறது?" என்று கேட்டவர்கள் கொஞ்சப் பேர். அவர்களில் பலர் பிரையன் ஹோவின் கூடாரத்தைத் தேடி வருகிறவர்கள். 2001 ஜூனிலிருந்து அந்த நடைபாதையில் ஈராக் குழந்தைகளின் படங்களோடு இருந்த மனிதர் அவர். அவரைப் பார்க்க வந்த ஒரு கிழவி ஏப்ரல் குளிரில் எனக்குக் கம்பளிக் கையுறை தந்துவிட்டுப் போனார். அவர் பெயரையும் நான் கேட்கவில்லை.

இன்னொரு நன்றி யூதர்களின் அணிக்கு. புடாபெஸ்டில் ஏழு வயதில் ஒளிந்திருந்து நாஜிகளிடமிருந்து தப்பிய ஸ்டீபன் கபோஸ், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு இந்த ஊர்வலங்களுக்கு வருகிறார். பின்னொரு நாள் அவரைத் தூரத்தில் கண்டபோது அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று தூதரகம் வரை நாங்கள் போகவில்லை. ரூட்டிங்கிலிருந்து கார் எடுத்து வந்து, வீதிகள் மறித்திருந்ததால் எங்கேயோ நிறுத்திவிட்டு நடந்தே பாலத்துக்கு வந்த தம்பிக்கும் நன்றி. கதிரையைத் திருப்பிக் கொடுக்கத் திரும்பினால் அந்தப் பெண்மணி அதற்குள் நடக்கத் தொடங்கிவிட்டார். "அடுத்த முறை கொண்டு வாங்கோ" என்பதுபோல் கையை அசைத்தார்.

கொண்டுதான் போகிறோம், ஒவ்வொரு முறையும். அம்மா அந்தக் கைப்பிடியைப் பிரித்து, பழைய ஜீன்ஸ் துணி வைத்துத் தைத்திருக்கிறார். ஆகவே கதிரை தந்த அம்மா, கறுப்பு டேப்பைத் தேடாதீர்கள், நீலத் துணியைப் பாருங்கள்.