வெள்ளைச் சளிக்கான கஷாயம்

அன்புள்ள கதிருக்கு,

இங்கே சிங்கப்பூரில் அனைவரும் நலம். உன் இருமல்தான் எங்களுக்குக் கவலை. சிறுவயதில் குடித்த சீனக் கஷாயப் பொட்டலங்களை லண்டனுக்கு அனுப்பச் சொல்லியிருந்தாய். நான் அனுப்பப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேள், ஐயா.

நீ குடித்தது எர் சென் தாங். சீனாவின் சோங் அரசர்கள் காலத்து அரசு மருந்தகத் தொகுப்பிலேயே இடம்பெற்ற பழைய மருந்து. பான் ஷியா என்ற கிழங்கு, சென் பீ என்ற பழைய கமலா ஆரஞ்சுத் தோல், பைன் மர வேரில் விளையும் ஃபூ லிங் என்ற பூஞ்சை, வறுத்த அதிமதுரம் ஆகிய நான்கும்தான் முக்கியச் சரக்குகள். ஏழு துண்டு இஞ்சியும் ஊ மே என்ற புளிப்புப் பழம் ஒன்றும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும் என்பது மூல முறை.

சென் பீயை நீ கையில் வாங்கி முகர்ந்துகொண்டே இருப்பாய். தோலை மூன்று இதழாகப் பிரித்து, வெயிலில் உலர்த்தி, குறைந்தது 3 ஆண்டாவது வைத்திருந்துதான் விற்பார்கள். குவாங்டாங் மாநிலத்துச் சின்ஹுய் தோலுக்கு மதிப்பு அதிகம். வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஆண்டாக ஆண்டாக நிறம் கறுத்து, புதுத் தோலின் காட்டம் அடங்கிவிடும்.

பான் ஷியாவிடம் அந்தச் சாதுத்தனம் கிடையாது. பச்சையாகத் தின்றால் தொண்டை வீங்கிவிடும். ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள்தான் காரணம். நம் கருணைக்கிழங்கு நாக்கில் காறுவதும் இவற்றால்தான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம். நாம் புளி சேர்த்து வேகவைக்கிறோம், சீனர்கள் இஞ்சியும் படிகாரமும் சேர்த்துப் பதப்படுத்துகிறார்கள். எங்கோ இணையத்தில் வாங்கிய பொட்டலத்தில் இது ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று உனக்கு எப்படித் தெரியும்? அதனால் அப்படியும் வாங்காதே.

உன்னை இங்கே தோங் சாய் வைத்தியசாலைக்கு அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? 1867 இல் தொடங்கியது. இன மதம் பாராமல் இலவசமாக வைத்தியம் பார்க்கும் இடம். சின்சே, அதாவது சீன வைத்தியர், உன் நாக்கை நீட்டச் சொன்னார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார், சளி என்ன நிறம் என்று என்னிடம் கேட்டார். அதன் பிறகே எழுதிக் கொடுத்தார். மண்ணீரலில் சளி பிறக்கிறது, நுரையீரலில் போய்த் தங்குகிறது என்பது சீன வைத்தியத்தின் கோட்பாடு. அதனால் இந்தக் கஷாயம் நெஞ்சை மட்டும் பார்க்காமல் செரிமானத்தையும் சரிசெய்யப் பார்க்கிறது. வெள்ளையாக, நிறைய, எளிதில் வெளியே வரும் சளி, குமட்டல், நாக்கில் வெண்மாவு படிந்தாற்போல் இருப்பது. இவற்றுக்குத்தான் இது. அன்று உனக்கு அப்படியேதான் இருந்தது.

இப்போது நீ சொல்வது மஞ்சள் சளி, அதுவும் கெட்டியாக, தொண்டை எரிச்சலோடு. இதை உடற்சூடு என்று சின்சே சொல்வார், வேறு மருந்துதான் எழுதுவார். எர் சென் தாங்கில் இருப்பவை பெரும்பாலும் சூடான, உலர்த்தும் சரக்குகள். எரிகிற தொண்டைக்கு அவை ஆகாது.

இன்னொன்று, உன் இரத்த அழுத்தம். அதிமதுரத்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் உடலில் உப்பும் நீரும் தங்கி அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். சிறுநீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் ஆபத்து. இனிப்புக்காகத்தானே சேர்க்கிறார்கள் என்று அலட்சியமாக இருந்துவிடாதே. பத்து வயதில் உனக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

மூன்று வாரமாக இருமுகிறாய். நாளைக்கே மருத்துவரைப் பார். காய்ச்சலோ மூச்சுத்திணறலோ வந்தால், சளியில் இரத்தம் தெரிந்தால், நாளை வரைகூடக் காத்திருக்காதே. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டு. நுரையீரலைப் படம் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதே. மருத்துவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்; இங்கே நள்ளிரவானாலும் பரவாயில்லை, அப்பாவும் நானும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அம்மா